நான்கு மான்கள்

பத்தாயிரத்துக்குக் கொரிய மொழியில்
மான் என்று பெயர்.
முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில்
நான்கு மான்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.
துல்லியமாகச் சொன்னால் நான்கும் ஒரு குட்டியும்:
நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

மங்வொன் சந்தைக்குப் பின்னால்
மீன்கடையின் ஐஸ்பெட்டி முனகும் கட்டடம், இரண்டாம் தளம்.
நாம்குங் சுல்பி எண்ணைத் தாளில் எழுதிப்
பலகையில் குத்தினாள். அதுதான் அவள் வேலை.
முதலாளி தோ வந்தார், பார்த்தார்,
காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.
ஆடிய பெண்கள் நால்வர்.
"ஆளுக்கொரு மான்" என்றாள் பியோன் காஉல்.
சிரிக்கத்தான் சொன்னாள்.

அதே வெள்ளி, அதே மாலை ஆறு மணி.
ஆற்றுக்கு அந்தப் பக்கக் கண்ணாடி மாளிகையிலிருந்து
ஒன்பது பையன்கள் இறங்கினார்கள்.
மூவாயிரம் மான்கள்.
மந்தை ஓடிய புழுதியில்
வரைபடம் நெட்டுக்குத்தாக நின்றது.

மந்தையை ஓட்டியவர்களையும் சொல்ல வேண்டும்.
தேகுவில் ஒரு பள்ளிக்கூடப் பெண்
மூன்று கைப்பேசிகளைச் சார்ஜரில் கட்டிப்போட்டு,
ஒலியை அணைக்காமல்
(அணைத்தால் கணக்கில் வராதாம்)
போர்வைக்குள் புதைத்துவிட்டுத் தூங்கினாள்.
விடியும்வரை பாடிக்கொண்டே இருந்தார்கள்
ஒன்பது பேரும், பஞ்சுக்கு.
கேலி செய்யவில்லை.
இரவெல்லாம் கண்விழிக்க அன்பாலும் முடியாதபோது
பொருள்களை விழிக்க வைக்கிறோம்.

பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை.
ஒப்பந்தம் முடிந்தது. பலகை போனது.
மீன்கடைக்காரர் இரண்டாம் தளத்தையும் எடுத்துக்கொண்டார்.
காணொளியை மட்டும் யாரும் அழிக்கவில்லை;
அழிப்பதற்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

சுல்பி இப்போது தரை ஓடு இறக்குமதி செய்யும் இடத்தில்.
கடவுச்சொல் மட்டும் கைப்பேசியில் தங்கிவிட்டது.
மாதம் ஒருமுறை திறப்பாள்,
பூட்டிய வீட்டைத் தள்ளிப் பார்ப்பதுபோல.
இருநூறாவது நாள்: அறுபத்தொன்று.
எழுநூறாவது நாள்: ஐம்பத்தெட்டு.
தரையோடு தரையாகக் கிடந்த கோடு
ஒருநாளும் தரையைத் தொடவில்லை.
நாலாம் வருடம் முந்நூற்று நாற்பது.
ஏன்?
விளம்பரம் இல்லை, விருது இல்லை, இறப்பும் இல்லை.

எல்லோரும் திரும்பிப் போய்ப் பார்ப்பது ஓர் இடத்தை:
இரண்டாம் நிமிடம், பதினான்காம் நொடி.
காஉலின் செருப்புவார் அறுகிறது.
எத்தி எறிந்துவிட்டு
ஒற்றைக்கால் வெறுங்காலாய் ஆடுகிறாள்.
வெட்டிவிடச் சொன்னார் தோ.
மறுபடி எடுக்கக் காசில்லை.

ஏழாம் வருடம், ஒரு செவ்வாய்.
ஒன்பது பையன்களுக்கு அன்று இருநூற்றுச் சொச்சம்.
செருப்பு அறுந்தவளுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மொத்தக் கணக்கில் இன்னும் மலையும் மடுவும்தான்;
மலை வளரவில்லை, அவ்வளவே.
தேகுப் பெண்ணும் இந்தத் தொள்ளாயிரத்தில் ஒருத்தி
என்று முடித்தால் அழகாயிருக்கும்.
எனக்குத் தெரியாது.
வரைபடத்துக்கு முகம் கிடையாது.

சுல்பி அன்றிரவு எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.
சொக்சோவில் நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள் காஉல்.
பின்னால் தண்ணீர்ச் சத்தம், ஒரு விசில்.
"எத்தனை மான்?"
"மொத்தமாகவா, இன்றைக்கா?"
பதில் இல்லை. யாரோ குளத்தில் குதித்தார்கள்.
"ஐஸ்லாந்தில் நேற்று ஒரே ஒருவர்.
மூன்று முறை பார்த்திருக்கிறார்."
"செருப்பு அறுகிற இடம் வரைக்குமா?"
"இல்லை.
அதைத் தாண்டியும்."